பெயர் தெரியாத எழுத்தாளர், நல்ல நாவல்: இணைய இதழா, கண்காட்சியா, நூலகமா, கிண்டிலா?

ஜனவரியில் சென்னை புத்தகக் கண்காட்சிக்குள் நுழைந்தால் ‘பொன்னியின் செல்வன்’ அரங்குக்கு அரங்கு வேறுவேறு அட்டையில் அடுக்கியிருக்கும். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், உரிமைத்தொகை கிடையாது, விற்பனையும் உறுதி. பதிப்பாளரைக் குறை சொல்ல வழியில்லை. ஆனால் முன்மேசை முழுவதும் அந்த ஐந்து பாகங்களுக்கே போய்விடுவதால், முதல் நாவல் எழுதியவருடைய புத்தகம் பின்னலமாரியில் முதுகு மட்டும் தெரிய நிற்கிறது. கேட்டு எடுத்தால்தான் உண்டு.

அப்படிப்பட்ட புத்தகங்களைக் கண்டுபிடிக்கப் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தரத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றை வைத்துத்தான் சலிக்கிறது. எந்தச் சல்லடையில் எது தங்கும், எது நழுவும் என்று தெரிந்துகொண்டால் நேரமும் காசும் மிஞ்சும். இலக்கியப் புனைவைத் தேடுபவர் இணைய இதழ்களில் தொடங்குவது நல்லது. குடும்பக் கதை, துப்பறியும் கதை, காதல் கதை என்று பொது வாசிப்புக்குத் தேடுபவருக்குக் அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலும், தொடர்கதைகள் வரும் இணையதளமான பிரதிலிபியும் போதும். வரலாற்று நாவலுக்கு முதலில் நூலகம். கண்காட்சி மூன்றுக்கும் பயன்படும், ஆனால் நிதானமாகச் சுற்றத் தெரிந்தவருக்கு மட்டும்.

சிறுகதையில் ஆளைப் பிடிப்பது

இணைய இதழ்களின் பெரிய வசதி, காசு கொடுக்கும் முன்பே எழுத்தாளரின் கையை அறிந்துகொள்ள முடிவது. திண்ணை 1999-இல் தொடங்கியது, சொல்வனம் 2009-இல். மலேசியாவிலிருந்து வல்லினம் வருகிறது. இவற்றின் பழைய கதைகளையும் இலவசமாகத் தேடிப் படிக்கலாம். ஒரு கதை பிடித்துவிட்டது என்பதற்காக உடனே புத்தகத்தை வாங்க வேண்டாம். அதே எழுத்தாளர் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் எழுதிய இன்னும் இரண்டு கதைகளைத் தேடிப் படியுங்கள். மூன்றிலும் அதே பால்யம், அதே பாட்டி, அதே ஊர்க்குளம் என்றால் அவரிடம் இருப்பது ஒரே கதைதான். நாவலில் அது நீண்டு மெலிந்துவிடும். மூன்றிலும் தொழிலும் ஊரும் பேச்சும் மாறியிருந்தால் நம்பி அடுத்த படிக்குப் போகலாம்.

அந்த அடுத்த படி நாவலாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிறுகதையில் கெட்டிக்காரர்களாக இருக்கும் பலர் நாவலில் சறுக்குகிறார்கள். பன்னிரண்டு சிறுகதைகளை ஒரே பாத்திரத்தின் பெயரில் கோத்துவிட்டு நாவல் என்று சொல்லிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது. எந்த அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை எடுத்தாலும் அது ஒரு முத்தாய்ப்போடு முடிந்தால், அது தொகுப்புதான். அப்படிப்பட்டவருடைய சிறுகதைத் தொகுப்பை வாங்குங்கள், நாவலை விட்டுவிடுங்கள்.

இதழ்களின் குறை அவற்றின் வட்டம். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு ஆசிரியர் குழு, அதற்கென்று ஒரு ரசனை, திரும்பத் திரும்ப வரும் ஒரு பத்துப் பதினைந்து பெயர்கள். இதற்கு நல்ல மாற்று, ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு இதழ்களைச் சேர்த்துப் படிப்பது. இரண்டிலும் ஒரு பெயர் வந்துவிட்டால் அது நட்புக்காக வந்ததல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

அச்சு இதழ் வாங்குபவர்கள் மதிப்புரைப் பக்கத்தைத் தேடிப் படிப்பார்கள். அதைவிடப் பயனுள்ளது, பல இதழ்களில் பொடி எழுத்தில் வரும் ‘வரப்பெற்ற நூல்கள்’ பட்டியல். நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை, தொடர்பு எண் எல்லாம் அதில் இருக்கும். மதிப்புரைக்கு ஆள் கிடைக்காத புத்தகங்கள்தான் அங்கே நிற்கும். அறியப்படாதவர்களைத் தேடுகிறவருக்கு அதுதானே வேண்டும்? பதிப்பகமும் நடத்தும் இதழ் என்றால், சொந்த வெளியீட்டுக்கு வரும் மதிப்புரையை விளம்பரமாகக் கணக்கில் வைத்தால் போதும்.

கண்காட்சியில் எப்படிச் சுற்றுவது

சென்னையில் அண்மை ஆண்டுகளாக நந்தனம் மைதானத்தில் சுமார் 900 அரங்குகள் போடப்படுகின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்ப்பது நடக்காத காரியம். வேலைநாளின் மதிய நேரம் சிறந்தது. கூட்டம் இருக்காது, சிறிய அரங்குகளில் பெரும்பாலும் பதிப்பாளரே உட்கார்ந்திருப்பார். அவரிடம் “எது நல்லா போகுது?” என்று கேட்டால் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பெயரைத்தான் சொல்வார். “இந்த வருஷம் நீங்க போட்டதுல முதல் நாவல் எது?” என்று கேளுங்கள். கொஞ்சம் யோசிப்பார், பிறகு பின்னலமாரிக்குப் போவார்.

முதல் நாளே போவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. சிறு பதிப்பகங்களின் புதிய நூல்கள் பல, கண்காட்சி தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகுதான் அச்சகத்திலிருந்து வந்து சேரும். அந்த அவசரத்தின் மறுபக்கம் மெய்ப்புப் பிழை. ற, ர மாறியிருப்பதையும் ஒற்று விட்டுப்போனதையும் மன்னிக்கலாம். ஆனால் எட்டாம் பக்கத்தில் செல்வராஜாக இருந்தவர் அறுபதாம் பக்கத்தில் செல்வகுமார் ஆகியிருந்தால், அந்தப் பிரதியை எழுதியவரைத் தவிர வேறு யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்று பொருள். கதைப்போக்கிலும் அதே கவனக்குறைவு இருக்கும்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். ‘மூன்றாம் பதிப்பு’ என்றிருந்தால் மயங்க வேண்டாம். முன்பு ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது பிரதிகளைக்கூட ஒரு பதிப்பாகக் கணக்கிட முடியும். முதற்பதிப்பின் ஆண்டு மட்டுமே உறுதியான தகவல்.

அடுத்தது அணிந்துரை. பெரிய பெயர் எழுதியிருக்கிறாரா என்பது முக்கியமில்லை. அவர் புத்தகத்தைப் படித்திருக்கிறாரா என்று பாருங்கள். நாவலின் பின்பாதியில் வரும் ஒரு பாத்திரத்தையோ சம்பவத்தையோ பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் படித்திருக்கிறார். ஆசிரியரின் நற்குணம், தமிழ் நாவல் வளர்ந்த வரலாறு, ‘வாழ்த்துகள்’ என்று முடிந்தால் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்.

பிறகு வாசித்துப் பார்ப்பது. முதல் பக்கத்தை எல்லோரும் பத்து முறை திருத்தியிருப்பார்கள், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு கடந்த இடத்தில் ஒரு பக்கம், கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஒரு பக்கம். சிறு பதிப்பகங்கள் பலவற்றில் பிரதியைத் திருத்திச் செம்மையாக்கத் தனியாக எடிட்டர் கிடையாது. அதனால் நாவல் தளர்ந்துபோவது பெரும்பாலும் பின்பாதியில்தான். முன்பாதியில் காட்சியாக நடந்தவை பின்பாதியில் “அதன் பிறகு நாலு வருஷம் ஓடிவிட்டது” என்ற சுருக்கமாக மாறினால், ஆசிரியர் களைத்துவிட்டார் என்று அர்த்தம்.

விலை இப்போது ஏறத்தாழ பக்கத்துக்கு ஒரு ரூபாய், அல்லது அதற்குச் சற்று மேல். கண்காட்சியில் வழக்கமான கழிவு 10 சதவீதம். 200 பக்க நாவல் ஒன்று ஏமாற்றினால் இருநூறு ரூபாயோடு போகும். 700 பக்க வரலாற்று நாவலில் ஏமாறுவது வேறு கணக்கு.

மாவட்டக் கண்காட்சிகள் புதிய பெயர்களைத் தேடுவதற்குப் பொதுவாகச் சுமார்தான். சமையல், சோதிடம், போட்டித் தேர்வு, சிறுவர் நூல்கள்தான் இடத்தை அடைக்கும். ஆனால் சில ஊர்களில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கென்று தனி அரங்கு ஒதுக்குகிறார்கள். அந்த வட்டாரத்தின் பேச்சும் தொழிலும் உள்ள நாவல்கள், சொந்தமாக அச்சிட்டவை, வேறெங்கும் கிடைக்காதவை அங்கே இருக்கும். பாதி புத்தகம் தேறாது என்றாலும் அந்த அரங்கைத் தவறவிடக் கூடாது.

நூலகம்: பழசு, ஆனால் பயமில்லை

நூலகத்தில் எடுத்த நாவல் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். தடிமனான புத்தகங்களைத் துணிந்து எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. டியூயி எண் முறையில் நூல்களைப் பிரித்து அடுக்கும் பெரிய நூலகங்களில் தமிழ்ப் புனைகதை 894.8113 என்ற எண்ணில் இருக்கும். கிளை நூலகங்களில் ‘நாவல்’ என்று ஓர் அலமாரி, அதற்குள் வரிசை என்பது பெயருக்குத்தான். பெரும்பாலான கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

பின்னட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தேதித்தாள் நல்ல துப்பு. முத்திரையே விழாத புத்தகம் மோசமானது என்று பொருளில்லை, யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். ஓராண்டில் அடுத்தடுத்து ஏழெட்டு முத்திரை விழுந்து பிறகு நின்றுபோயிருந்தால், அந்த ஊரில் யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு வாய்வழியாகப் பரப்பியிருக்கிறார். அதை எடுத்துப் பாருங்கள்.

நூலகத்தின் குறை தாமதம். அரசின் கொள்முதல் ஆணை கிடைத்த நூல்கள்தான் அலமாரிக்கு வரும். ஆணை தள்ளிப்போனால் நூல் வெளிவந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் கண்ணில் படும். ஆணை பெறத் தெரிந்த பதிப்பகங்களின் நூல்களே நிறைந்திருக்கும், புதிய சிறு பதிப்பகங்கள் குறைவு. எங்குமே கிடைக்காத நூலுக்கு எழும்பூர் கன்னிமாரா இருக்கிறது. 1896-இல் திறந்த அந்த நூலகத்துக்கு, 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியையும் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். எல்லோரும் அனுப்புவதில்லை என்பது வேறு விஷயம். வெளியூர்க்காரர்கள் கிளம்பும் முன் அட்டவணையில் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

கிண்டிலும் பிரதிலிபியும்

இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். ஆனால் இரண்டும் எழுத்தாளரை வேறுவேறு திசையில் இழுக்கின்றன. கிண்டில் 2016 கடைசியில் தமிழுக்கு வந்தது. மாதச் சந்தாவில் படித்தால், படித்து முடித்த பக்கக் கணக்கில் எழுத்தாளருக்குப் பணம் போகிறது. ஆக, நாவல் நீள்கிறது, பாகம் பாகமாகப் பிரிகிறது. பிரதிலிபியில் தொடர் அத்தியாயங்கள். அங்கே ஒவ்வொரு அத்தியாயமும் “கதவு திறந்தது, உள்ளே நின்றவன்…” என்று முடிந்தாக வேண்டும். விறுவிறுப்புக்கு இது நல்லது, அமைதியான நாவலுக்கு எமன்.

கிண்டிலில் மாதிரிப் பகுதியாக நூலின் சுமார் 10 சதவீதம் இலவசம். தமிழ் நூல்களில் இதற்கு ஒரு தடை உண்டு. அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை எல்லாம் முன்னால் வருவதால், கதை தொடங்கும் முன்பே மாதிரி தீர்ந்துவிடும். அப்போது அதே எழுத்தாளரின் வேறொரு நூலின் மாதிரியைத் திறந்து பாருங்கள். மாதிரியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று எழுத்துரு. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்துபோன நூல்கள் உண்டு. முதல் பத்துப் பக்கத்தில் அப்படி இருந்தால் கடைசிவரை அப்படித்தான் இருக்கும்.

காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி. சந்தாத் திட்டத்தில் சேர்க்கும் நூலை 90 நாள்களுக்கு வேறெங்கும் மின்வடிவில் வெளியிடக் கூடாது. அதற்கு ஈடாக, அந்த 90 நாளில் ஐந்து நாள் வரை எழுத்தாளர் நூலை இலவசமாகத் தரலாம். புதியவர்கள் அந்த நாள்களைத் தங்கள் முகநூல் பக்கத்தில் அறிவிப்பார்கள். பிடித்த பெயர்களைப் பின்தொடர்ந்தால் சந்தா இல்லாமலே பல நூல்கள் சேரும்.

பிரதிலிபியில் நட்சத்திரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது, ஏறக்குறைய எல்லாக் கதைக்கும் நாலரைக்கு மேல்தான். முடிவுற்ற தொடரா என்று முதலில் பாருங்கள், பாதியில் நின்ற தொடர்கள் ஏராளம். பிறகு கருத்துகளில் இறங்குங்கள். ‘அருமை’, ‘அடுத்த பாகம் எப்போது’ என்பவற்றைத் தாண்டி, யாராவது ஒரு பாத்திரத்தோடு சண்டை போட்டிருக்கிறாரா என்று தேடுங்கள். “மாமியாரை ஏன் இப்படி நல்லவராக்கினீர்கள்?” என்று கோபப்படும் வாசகர் இருக்கும் கதையில் உயிர் இருக்கிறது.

விருதும் காணொளியும்

விருது பெற்றவர் அறியப்படாதவர் அல்ல, அதனால் வெற்றியாளர் பட்டியலால் பெரிய லாபமில்லை. சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரப்படுகிறது. வேலை, குடும்பம் எல்லாம் நிலைத்து, நாற்பதைத் தாண்டி முதல் நாவல் எழுதுகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த வலையில் விழுவதே இல்லை. 2010-இல் தொடங்கிய விஷ்ணுபுரம் விருது நேர்மாறானது. போதிய கவனம் கிடைக்காத மூத்த எழுத்தாளர்களை நோக்கியது, ஆகவே அதன் பழைய பட்டியல் தேடலுக்கு உதவும். பதிப்பகங்கள் நடத்தும் நாவல் போட்டிகளில் முதல் பரிசைவிட இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றைப் பாருங்கள். நடுவர்கள் ஒத்துப்போகாத நாவல்கள் அங்கேதான் இருக்கும்.

யூடியூபிலும் முகநூலிலும் நூல் பேசுகிறவர்களில், எப்போதாவது “இதைப் பாதியில் விட்டுவிட்டேன்” என்று சொல்லும் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வரலாற்று நாவலுக்குத் தனிக் கணக்கு

இந்த வகையில் புதியவர்கள் நிறைய எழுதுகிறார்கள், பெரும்பாலோர் சோழர்களைப் பற்றி. ஒற்றன், சுரங்கப்பாதை, மாறுவேட இளவரசி என்று கல்கி போட்ட தடத்திலேயே ஓடும் நாவல்களை வாங்கும் முன் சில சோதனைகள் போடலாம்.

முதலில் சாப்பாட்டுக் காட்சி. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1498-இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகே இந்தப் பக்கம் அவற்றுக்கு வழி பிறந்தது. ராஜராஜன் பதவியேற்றது 985. அவன் படைவீரன் மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்தால் ஆசிரியர் எதையும் சரிபார்க்கவில்லை என்று புரியும். கோட்டை மேல் பீரங்கி இருந்தாலும் அதே கதை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கட்டுக்கதையை உண்மையாக எழுதியிருந்தாலும் அப்படித்தான், நிழல் விழுவதை எந்த மாலையிலும் போய்ப் பார்க்கலாம். 1850-இல் நடக்கும் நாவலில் சென்னையிலிருந்து ரயில் ஏறினாலும் தவறு. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1856 ஜூலை 1.

பின்னுரையைப் படியுங்கள். எந்தக் கல்வெட்டு, எந்த ஊர்க்கோயில், எது சான்று, எது தன் கற்பனை என்று பிரித்துச் சொல்லியிருந்தால் நம்பகம். ‘பல ஆண்டு ஆராய்ச்சியின் விளைவு’ என்று மட்டும் இருந்தால் அடுத்த புத்தகத்துக்குப் போங்கள்.

புதியவர்கள் சிறப்பது சோழ அரண்மனைக்கு வெளியே என்பது எங்கள் கணிப்பு. எழுத்து ஆவணம் மிஞ்சிய காலங்களில் அவர்களுக்குப் பிடிமானம் கிடைக்கிறது: 1736-இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் புதுச்சேரி, 1620 முதல் 1845 வரை டேனியர் கையிலிருந்த தரங்கம்பாடி, 1799-1801 பாளையக்காரர் போர்கள், 1876-78 பெரும்பஞ்சம், 1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள். இவற்றில் ஒன்றைக் களமாகக் கொண்ட முதல் நாவல் நூலகத்தில் கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள்.

ஈழத்து, மலையக நாவல்களுக்கு மேற்சொன்ன கண்காட்சிகள் பெரிதாக உதவா. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையதளம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. எழுத்தாளர் பெயரில் தேடுவதோடு நிறுத்தாமல், பழைய சிற்றிதழ்களைத் திறந்து அவற்றில் வரும் நூல் அறிமுகங்களைப் படித்துவிட்டு, அந்த நூலின் பெயரை அதே தளத்தில் தேடுங்கள்.

வாங்க முடிவு செய்த பிறகு, சிறு பதிப்பகத்திடமே வாட்ஸாப்பில் கேட்டு வாங்குவது நல்லது. இருப்பு இருக்கிறதா, அச்சிட்டு அனுப்புவார்களா என்று முதலில் கேளுங்கள். அச்சிட்டு அனுப்புவதென்றால் ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். மலிவாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே மாதம் வந்த ‘ஞான் போஸ்ட்’ சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. 200 பக்க நாவல் பெரும்பாலும் 300 கிராமுக்குள் அடங்கும். கூரியரில் அனுப்புவதாகச் சொன்னால், இந்தச் சேவையில் அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு நூலை மட்டும் வாங்காமல் அதே பதிப்பகத்தில் மூன்று முதல் நாவல்களைச் சேர்த்து வாங்கினால் அஞ்சல் செலவும் பங்காகிவிடும்.